வைக்கோலும் பங்கசின் நொதியமும்

பெரும்போக அறுவடை முடிந்ததும் தர்மபுரத்து வயல்களில் எஞ்சுவது வைக்கோலாகும். அதனைத் தீயிடுமுன் அதிலுள்ள நாரின் தன்மையைக் கமக்காரர் அறிந்துகொள்ளுதல் நன்று.

மரத்தைப் போலவே வைக்கோலும் முக்கியமாக மூன்று பொருள்களாலானது. செலுலோசு என்பது நார். இலிக்னின் என்பது நார்களை ஒட்டிவைக்கும் பசை. இவ்விரண்டையும் பிணைத்து நிற்பது அரைச்செலுலோசு. கடதாசி செய்வோர் வைக்கோலையோ மரத்தையோ எரிசோடா முதலியவற்றுடன் அவித்து, இலிக்னினை நீக்கி, நாரைக் கூழாக எடுப்பர். 1950களில் வாழைச்சேனையில் அமைக்கப்பட்ட கடதாசி ஆலையிலும் வைக்கோல் கூழாக்கப்பட்டது.

அவித்த பின்னரும் எஞ்சும் இலிக்னின் கூழுக்குப் பழுப்பு நிறந்தரும். அதனை வெளிற்றக் குளோரீன் வேண்டியிருந்தது. பங்கசுகளிலிருந்து பெறப்படும் சைலனேசு என்னும் நொதியம் அத்தேவையைக் குறைக்கவல்லதென்று பின்லாந்து ஆய்வாளர் 1986இல் காட்டினர். அது அரைச்செலுலோசைத் தளர்த்துவதால் இலிக்னின் எளிதில் வெளியேறும்.

செலுலேசு என்னும் நொதியமோ நாரையே வெட்டும். அளவோடு சேர்த்தால், கூழிலிருந்து நீர் விரைந்து வடியும். அளவு மிஞ்சினால், நார் சிதைந்து கடதாசி வலுவிழக்கும். இரண்டாம் உலகப் போரின்போது சொலமன் தீவுகளில் படையினரின் பருத்திக் கூடாரத் துணிகளை அரித்த பங்கசின் ஆற்றலும் இந்நொதியமே.

ஆலைக்காரர் அஞ்சும் அச்சிதைவே கமக்காரருக்கு எருவாகின்றது. ஒரு தொன் வைக்கோலில் ஏறக்குறைய 5 முதல் 8 கிலோ நைதரசனும், 12 முதல் 17 கிலோ பொற்றாசியமும் உள. தீயிட்டால் நைதரசனின் பெரும்பகுதி புகையோடு போய்விடும். சாம்பலிலுள்ள பொற்றாசியமும் மழையில் கழுவுண்டு போகலாம்.

ஆகவே வைக்கோலை வயலோரத்து நிழலில் குவித்தல் வேண்டும். வைக்கோல், பசுஞ்சாணம், சீமைக்கிளுவைத் தழை என்பவற்றை அடுக்கடுக்காக இட்டு நீர் தெளிக்க வேண்டும். கையிற் பிழிந்தால் ஓரிரு துளி கசியும் ஈரமே போதும். நீர் தேங்கினால் காற்றின்றிப் பங்கசின் வேலை தடைப்படும். மூன்று வாரத்துக்கொருமுறை புரட்டிவிட்டால், இரண்டு மூன்று மாதங்களில் கருமையான கூட்டெரு கிடைக்கும். மக்காத வைக்கோலை நடுகைக்குச் சற்று முன்னர் மண்ணிற் புதைத்தல் ஆகாது. அதனை மக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய நைதரசனைத் தற்காலிகமாகக் கவர்ந்துகொள்ளும்.

மாட்டுக்கென ஒதுக்கும் வைக்கோலை நனையாமற் காத்தல் வேண்டும். பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்கு இடலாகாது. அதனைக் கூட்டெருக் குவியலிற் சேர்த்துவிடலாம். அக்கூட்டெரு அடுத்த போகத்து நெல்லுக்கும், மிளகாய், கத்தரிப் பாத்திகளுக்கும் உரமாகும்.