பேஸ்மென்ட்டுக்குள்ளே தண்ணி விட்டது யாரு?

மழை நின்னு பத்து நாளாச்சு. வாசல் காய்ஞ்சாச்சு, கொடியில் துணியும் காய்ஞ்சாச்சு. சுவர் மட்டும் இன்னும் அழுதுகிட்டே இருக்கா? சுவரைத் திட்டாதீங்க பாஸ்... நிஜக் குற்றவாளி காலுக்குக் கீழே படுத்திருக்கு!

கடலாடி, சாயல்குடி பக்கம் 'வீட்டுக்கு பேஸ்மென்ட் போட்டாச்சு'ன்னு யாராவது சொன்னா, தரைக்கு மேலே எழுப்பின அடித்தளம்னு அர்த்தம். இங்கிலீஷ் டிக்‌ஷனரியைப் புரட்டினா, அதே வார்த்தைக்குத் தரைக்குக் கீழே இருக்கிற தளம்னு அர்த்தம். ஒண்ணு மேலே, ஒண்ணு கீழே! ஆனா, மழைக்காலம் வந்தா ரெண்டுக்கும் வர்ற வியாதி ஒண்ணுதான். அதுக்குப் பேர் ஓதம்.

மண்ணோட குணம் அப்படி!

மணலில் தண்ணி ஊத்திப் பாருங்க. ஊத்தின வேகத்தில் காணாமப் போகும். ஒரு மணி நேரத்தில் முப்பது சென்டிமீட்டர்கூட சர்வ சாதாரணமா இறங்கிடும். கெட்டியான களிமண்ணில் அதே தண்ணி சில சென்டிமீட்டர் நகரவே ஒரு வருஷம் ஆகலாம். காரணம், களிமண் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சின்னது. துகள் சின்னது, இடைவெளியும் சின்னது. தண்ணி உள்ளே மாட்டினா வெளியே வர வழி கிடையாது.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வருஷத்துக்கு சுமார் 800 மில்லிமீட்டர் மழைதான். ஆனா, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துடுது. மேடு பள்ளம் இல்லாத சமதரை, அதில் களியும் கரிசலும். தண்ணி எங்கே போகும்? இதே மண்தான் கண்மாயில் தண்ணியைத் தேக்கி வெச்சு நமக்குச் சோறு போடுது. கண்மாய்க்கு வரமா இருக்கிற அதே குணம், வீட்டுச் சுவருக்குச் சாபம்!

மலையில் வேற மாதிரி வில்லன்

சமதரையிலேயே இந்தக் கதைன்னா, நீலகிரி மாதிரி மலை ஊர்ல? சரிவைக் குடைஞ்சு, மண்ணை வெட்டி, அந்த இடத்தில் வீட்டை உட்கார வைக்கிறாங்க. வீட்டோட பின்சுவர் மலைக்குள்ளே புதைஞ்சு நிற்கும். மேலே பெய்ற மழை மண்ணுக்குள்ளே இறங்கி, இறுகின களியோ பாறையோ தடுத்ததும் சரிவிலேயே பக்கவாட்டில் நடக்க ஆரம்பிக்கும். நடந்து வந்து முட்டுற இடம் உங்க பின்சுவர். அதாவது, நீங்க கட்டினது வீடு இல்லை... ஒரு குட்டி அணைக்கட்டு!

இன்னொரு சிக்கலும் இருக்கு. சுவர் கட்ட வெட்டின குழியில் மிச்ச இடத்தை அள்ளிப் போட்ட மண்ணால மூடுவாங்க. இந்த மண் பொலபொலன்னு இருக்கும். சுத்தி இருக்கிற பழைய மண்ணோ கெட்டி. விளைவு, சுவரைச் சுத்தி ஒரு தொட்டி ரெடி. கூரைத் தண்ணியும் அங்கேயே விழுந்தா கேட்கவே வேண்டாம்.

இப்போ சின்னதா ஒரு கணக்கு. தண்ணி ஒரு மீட்டர் ஆழம் நின்னா, அடியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு டன் அழுத்தம். 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் உள்ள சுவருக்குப் பின்னாடி முழுசாத் தண்ணி நின்னா, மொத்தம் 45 டன்! மயிரிழை விரிசல் இருந்தாலும் தண்ணி புகுந்துடும். வடிய வழியில்லாத தாங்கு சுவர்னா அப்படியே சாயலாம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நிலச்சரிவுகளால் 40 பேருக்கு மேல் இறந்தாங்க. அங்கேயும் மண்ணுக்குள்ளே சிக்கின தண்ணிதான் முக்கிய வில்லன்.

திரி மாதிரி ஏறும்!

நம்ம பக்கம் தண்ணி பக்கவாட்டில் முட்டுறதைவிட கீழே இருந்து ஏறுறதுதான் அதிகம். விளக்குத் திரி எண்ணெயை இழுக்குதே, அதே டெக்னிக். செங்கல்லுக்குள்ளே இருக்கிற நுண் துளைகள் ஈரத்தை உறிஞ்சி, பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரம் வரைக்கும் ஏத்திடும்.

கூடவே உப்பும் ஏறும். உப்பளங்கள் இருக்கிற வாலிநோக்கம் நம்ம கடலாடி தாலுகாதானே! தண்ணி காத்தில் போயிடும், உப்பு தங்கிடும். அது படிகமா வளர்றப்போ பூச்சைத் தள்ளும். அதான் பொரிஞ்சு பொரிஞ்சு உதிருது. சுவரில் தங்கின உப்பு, காத்தில் இருக்கிற ஈரத்தையும் இழுக்கும். மழையே இல்லாத நாள்லகூட சுவர் சில்லுனு இருக்கிறதுக்குக் காரணம் இதுதான். உவர் தண்ணியில் கலவை போட்டிருந்தா, உப்பு முதல் நாளே உள்ளே குடியேறியாச்சு.

பெயின்ட் அடிச்சா சரியாகுமா?

ஆகாது! தண்ணி சுவருக்குப் பின்னாடி இருந்து தள்ளுது. நீங்க முன்னாடி பெயின்ட் அடிச்சா, அதையும் சேர்த்துத் தள்ளிடும். தீபாவளிக்கு அடிச்ச பெயின்ட் பொங்கலுக்குள் கொப்புளிக்கும். அப்பா கடன் வாங்கிக் கட்டின வீட்டில் வருஷா வருஷம் அந்தச் செலவு தேவையா? தண்ணியைத் தடுக்கிறதுக்கு முன்னாடி, அது போக வழி விடுங்க.

* கூரைத் தண்ணியைக் குழாய் வெச்சு சுவரை விட்டுத் தள்ளி விடுங்க. செலவு கம்மி, பலன் அதிகம்.

* வீட்டைச் சுத்தி தரை வெளிப்பக்கமா சரியணும்.

* மலை வீடுன்னா, சுவருக்குப் பின்னாடி ஜல்லி நிரப்பி, அடியில் ஓட்டை போட்ட குழாய் பதிக்கணும். இதுக்கு 'ஃப்ரெஞ்ச் டிரெயின்'னு பேர். பிரான்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை! 1859-ல் விவசாய வடிகால் பத்திப் புத்தகம் எழுதின அமெரிக்கர் ஹென்றி ஃப்ரெஞ்ச் பேரால் வந்தது.

* புது வீடுன்னா, அடித்தளம் சுத்துத் தரையைவிட 45 சென்டிமீட்டராவது உயரணும்னு தேசிய கட்டட விதித்தொகுப்பு சொல்லுது. அடித்தளத்துக்கு மேலே, செங்கல் வரிசை ஆரம்பிக்கும் முன்னாடி ஈரத்தடுப்பு அடுக்கு போடச் சொல்லி கொத்தனாரிடம் கறாரா கேளுங்க. அந்தத் திரியை வெட்டுற கத்தரிக்கோல் அதுதான்!

நீங்களே டெஸ்ட் பண்ணலாம்!

ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் ஷீட்டைச் சுவரில் வெச்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டுங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க. ஷீட்டுக்குப் பின்னாடி, சுவர் பக்கம் ஈரமா? மண்ணில் இருந்து வர்ற ஓதம். முன்பக்கம் துளிர்த்திருக்கா? அறைக்குள்ளே இருக்கிற ஈரக்காத்து. அதுக்கு ஜன்னலைத் திறந்தாலே பாதி சரியாகிடும்.

ஓதம் மெதுவான எதிரி. வெள்ளம் அப்படி இல்லை. 2024 ஜூலை 27 அன்று டெல்லி ஓல்ட் ராஜிந்தர் நகரில், ஒரு பயிற்சி மையத்தின் பேஸ்மென்ட் நூலகத்துக்குள் தெருவெள்ளம் புகுந்து மூணு மாணவர்கள் இறந்தாங்க. பார்க்கிங்குக்கும் பொருட்கள் வைக்கவும்தான் அந்த இடத்துக்கு அனுமதி. ஒரு மீட்டர் அகலக் கதவுக்கு வெளியே ஒரு மீட்டர் தண்ணி நின்னா, அது சுமார் 500 கிலோ எடையோட கதவை அழுத்தும். தள்ளித் திறக்க முடியுமா?

அதனால ஃப்ரெண்ட்ஸ், சென்னையோ கோவையோ, ரூம் பார்க்கப் போறப்போ வாடகையும் வை-ஃபையும் மட்டும் விசாரிக்காதீங்க. சுவரோட கீழ் மூணு அடியைத் தொட்டுப் பாருங்க. தரைக்குக் கீழே ரூம்னா, வெளியேற ரெண்டாவது வழி இருக்கான்னு கேளுங்க. 'இல்லை'ன்னு பதில் வந்தா... அடுத்த வீட்டைப் பாருங்க!