நொய்யல் ஆறும் நச்சுக் கழிவின் பொருளியலும்

ஆற்று மாசினைத் தனித்த தொழினுட்பப் பிரச்சினையாகக் கொள்ளும் நோக்கொன்று நம்மிடையே உண்டு. கழிவைச் சுத்திகரிக்கும் பொறியைப் பொருத்தினால் யாவும் சீராகும் என்பது அதன் சாரம். இந்நோக்கின் போதாமையைத் தமிழகத்து நொய்யல் ஆற்றின் அண்மைக்கால வரலாறு தெளிவாக உணர்த்துகின்றது.

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் ஊற்றெடுக்கும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர் ஆகிய நகரங்களினூடாகக் கிழக்கே ஓடிக் கரூர் மாவட்டத்திற் காவிரியுடன் கலக்கின்றது. 1980களிலிருந்து திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி மையமாக விரைந்து வளர்ந்தபோது, சலவைப் பட்டறைகளும் சாயப் பட்டறைகளும் அதன் நீரேந்து பிரதேசத்திற் பெருகின. இங்குச் சாயமிடலின் இரசாயனம் கவனிக்கற்பாலது. பருத்தி நாருடன் பிணையும் சாயங்கள் நாரிற் படிவதற்குச் சோடியம் குளோரைட்டு அல்லது சோடியம் சல்பேற்று பெருமளவில் வேண்டப்படுகின்றது. அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை. பிணையாது எஞ்சிய சாயத்துடன் கழிவுநீரிற் சேர்கின்றது. நிறத்தையும் சேதனப் பொருள்களையும் குறைக்கும் வழமையான சுத்திகரிப்பினாற் கரைந்த உப்பை அகற்ற இயலாது. எனவே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்த பின்னரும் உவர்நீர் ஆற்றில் ஓடிக்கொண்டேயிருந்தது.

பாசனத்துக்கென 1992இல் ஒரத்துப்பாளையத்தில் அமைந்த அணை, சில ஆண்டுகளுள் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. எந்நீரை வேண்டி அணை கட்டப்பட்டதோ அந்நீரைத் திறக்கவேண்டாமென உழவர்களே கோரும் நிலை உருவாகியது. உற்பத்திச் செலவின் ஒரு பகுதி பட்டறையின் கணக்கேட்டிலிருந்து நீக்கப்பட்டு, உழவரின் நிலத்திலும் கிணற்றிலும் எழுதப்பட்டது என்பதே இதன் பொருள். மேலைச் சந்தையில் ஆடை மலிவாகக் கிடைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

உழவர் தொடுத்த வழக்கில், ஆற்றிற் கழிவுநீர் சிறிதும் விடலாகாது என்னும் நிலையை எய்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2006இற் பணித்தது. அதுவரை லீற்றருக்கு இத்தனை பைசா எனத் தண்டமும் விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. ஆணை நிறைவேறாமையால், 2011 ஜனவரியிற் சாயப் பட்டறைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. இலாபத்திற் பங்கற்ற தொழிலாளர், மூடலின் சுமையில் முதற்பங்கினை ஏற்றனர்.

பின்னர் மென்சவ்வுகளினூடாக நீரைப் பிரித்தெடுத்து, எஞ்சியதை ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மீளப் பயன்படுத்தும் முறை பரவியது. இது மறுக்கவொண்ணாத முன்னேற்றமாகும். ஆயின் இம்முறைக்கு எரிபொருளும் மின்சாரமும் மிகுதியாக வேண்டும். மீளப் பயன்படாத கலப்புப்பும் சேறும் அபாயகரமான கழிவாகக் குவிகின்றன. அவற்றைப் பாதுகாப்பாக வைக்காவிடின் நஞ்சு ஆற்றைவிட்டு நிலத்தடி நீரை நாடும். செலவோ, கூலிக்குச் சாயமிடும் சிறு பட்டறைகள்மீது விழுகின்றது; விலையை நிர்ணயிப்போர் ஏற்றுமதியாளரும் வெளிநாட்டுக் கொள்வனவாளருமே.

எனவே நச்சுக் கழிவு முகாமை, குழாயின் முனையிலன்றிச் சாயத்தொட்டியிலேயே தொடங்கவேண்டும். குறைந்த உப்பில் நிறைவாகப் படியும் சாயங்களைத் தெரிதல், செறிந்த சாயக் கழிவையும் அலசிய நீரையும் வேறாக்கல், சுத்திகரிப்புச் செலவைத் துணியின் கொள்விலையிற் சேர்த்தல் ஆகியன முதற்படிகள். நீரின் தரம் பற்றிய அளவீடுகள் உழவருக்கும் தொழிலாளருக்கும் ஒருங்கே கிடைத்தல் வேண்டும். நீர்வளமும் வேலையும் ஒன்றுக்கொன்று பகையெனக் காட்டப்படும்வரை, அவ்விரண்டையும் விலையாகக் கொண்ட உற்பத்திமுறை விசாரணைக்கு வெளியிலேயே நிற்கும்.