தலையணை ஓரத்தில் ஒரு ‘பரக்கத்’

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் புர்கோஸ் என்றோர் ஊர் உள்ளது. அங்குள்ள லாஸ் ஊவெல்காஸ் கன்னியர் மடத்தை 1187இல் நிறுவியவர் காஸ்டீல் மன்னர் எட்டாம் அல்ஃபோன்ஸோ. அவ்வரச மரபினர் பலர் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டனர். 1940களில் அக்கல்லறைகள் ஆய்வுக்காகத் திறக்கப்பட்டன. 1275இல் மறைந்த இளவரசர் ஃபெர்னாண்டோ தெ லா செர்தாவின் பேழையினுள் ஒரு தலையணை உறை கிடைத்தது. அது தறியில் நெய்த துணி அன்று. பட்டு நூலைக் கொண்டு ஊசியில் கண்ணி கண்ணியாகக் கையால் பின்னிய உறை. கழுகும் மலரும் கோட்டையும் அதில் அணி அணியாக நிற்கின்றன. அதன் ஓரத்தில் எழுதப்பட்டிருப்பது என்ன தெரியுமா, சகோதரிகளே? கூஃபி எழுத்து வடிவில், ‘பரக்கத்’ என்னும் அரபுச் சொல்!

இந்த இளவரசரின் பாட்டனார் யார் என்பதை அறிந்தால் வியப்பு இன்னும் மிகும். 1236இல் குர்துபாவையும் 1248இல் இஷ்பீலியாவையும் முஸ்லிம்களிடமிருந்து கைப்பற்றிய மூன்றாம் ஃபெர்னாண்டோவேதான் அவர். இளவரசர் மறைந்த காலத்தில் அந்த மண்ணில் முஸ்லிம்களின் ஆட்சியாக எஞ்சி நின்றது கர்னாத்தா ஒன்றே. ஆட்சி கைமாறிய நகரங்களிலோ நம்மவர் கைவினைஞர்களாக வாழ்ந்து வந்தனர். அரச குடும்பத்துக்குப் பின்னிக் கொடுத்தவர்கள் அவர்களே என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பறவை உருவம் வேண்டும் என்று கேட்டவருக்கு அதையும் பின்னிக் கொடுத்துவிட்டு, ஓரத்தில் தம் சொல்லையும் இட்டு வைத்தார்கள் போலும். அந்த விரல்களுக்கு உரியவரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

அந்த வேலையின் நுட்பத்தைச் சிறிது கணக்கிட்டுப் பாருங்கள். அவ்வுறையில் ஓர் அங்குல அகலத்துக்கு ஏறத்தாழ 20 கண்ணிகள் உள்ளன. இன்று நம் வீடுகளில் நடுத்தரமான உல்லன் நூலில் பின்னும்போது அங்குலத்துக்கு ஐந்து அல்லது ஆறு கண்ணிகள் வரும். உயரத்திலும் அகலத்திலும் 20 என்று வைத்துக்கொண்டாலே, ஒரு சதுர அங்குலத்தில் 400 கண்ணிகள்! தபால்தலையளவு இடத்தில் நானூறு முறை நூலை வளைத்து இழுத்திருக்கிறார் ஒருவர்.

நைல் நதிக்கரையின் காலுறை

ஸ்பெயினுக்கும் முற்பட்ட சான்றுகள் எகிப்தில் உண்டு. கி.பி. 11 முதல் 14 வரையான நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என மதிக்கப்படும் காலுறைகளும் அவற்றின் துண்டுகளும் அங்கிருந்து கிடைத்துள்ளன. வெண்ணிறப் பருத்தி நூலும் அவுரி நீலம் ஏற்றிய பருத்தி நூலும் மாறி மாறி வரும் பின்னல் வேலை அவை. சிலவற்றில் கூஃபி எழுத்தின் சாயலில் அமைந்த அணிகள் காணப்படுகின்றன. வாஷிங்டன் நகரிலுள்ள ஜவுளி அருங்காட்சியகத்தில் அத்தகைய காலுறை ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

எகிப்திலிருந்தே கிடைத்த, இதனினும் பழைய செந்நிறக் கம்பளிக் காலுறைகள் இலண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் உள்ளன. பெருவிரலுக்குத் தனி அறை வைத்த அக்காலுறைகள் ரோமர் ஆண்ட காலத்தவை. ஆனால் அவை ஒற்றை ஊசியில் துண்டு நூலைக் கோத்து முடிச்சிடுவது போன்ற வேறொரு முறையில் ஆனவை. இரண்டோ அதற்கு மேற்பட்டோ ஊசிகளில், அறுபடாத ஒரே நூலைக் கண்ணிக்குள் கண்ணியாக இழுக்கும் உண்மையான பின்னலுக்கு இன்று கையில் இருக்கும் மிகப் பழைய சான்றுகள் முஸ்லிம்கள் ஆண்ட எகிப்தில் கிடைத்தவையே. திருப்பூர்ப் பனியன் துணியை நகத்தால் விலக்கிப் பார்த்தாலும் அதே கண்ணிதான் தெரியும். அங்கே விரலுக்குப் பதிலாக இயந்திரம் இழுக்கிறது, அவ்வளவே.

அந்த எகிப்தியக் காலுறையை விரல்நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் பின்னியிருக்கிறார்கள். குதிகால் பகுதிக்கு இடம் விட்டு, அதைக் கடைசியில் தனியே பின்னிச் சேர்த்திருக்கிறார்கள். குதிகால்தானே முதலில் தேய்கிறது? அதை மட்டும் பிரித்துப் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம். காலுறை முழுவதையும் எறிய வேண்டியதில்லை.

“வெள்ளைக்காரி பொழுதுபோக்கு”

இவ்வளவையும் ஏன் விரித்துச் சொல்கிறேன் எனில், எங்கள் நிஸ்வான் மதரஸாவில் ஓதும் ஒரு மாணவியின் தாயார் சொன்ன சொல் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர் பள்ளி நாளில் தையல் வகுப்பில் கற்ற பின்னலை இன்றளவும் விடாதவர். பிள்ளைக்குத் தொப்பி, மருமகளுக்குச் சால்வை, பேரனுக்குக் கையில்லாத ஸ்வெட்டர் என்று அவர் கை ஓய்ந்ததில்லை. “இதென்ன, வெள்ளைக்காரி பொழுதுபோக்கு உனக்கெதற்கு?” என்று வீட்டில் இடித்துக் கூறுகிறார்களாம். அதே வாயால், “ராத்தா, எனக்கும் ஒன்று போட்டுத் தாங்களேன்” என்று உறவினர் கேட்கவும் தயங்குவதில்லையாம்! நூல் வாங்கிய காசைக்கூட யாரும் நினைப்பதில்லை.

மேனாட்டார் பள்ளிகள் வழியாக இக்கலை நம் ஊர்களுக்கு வந்தது உண்மையே. வந்த வழி அதுவாயினும், பிறந்த வீடு வேறு என்பதை இப்போது கண்டீர்கள் அல்லவா?

“நம் வெயிலுக்குக் கம்பளி எதற்கு?” என்று மற்றொரு கேள்வி எழும். ஊட்டிக்கும் குன்னூருக்கும் சரி, கடலோர ஊர்களுக்கு ஆகுமா? எகிப்தின் வெயில் நம் வெயிலுக்குச் சளைத்ததன்று. அதனால்தான் அம்மக்கள் பருத்தியில் பின்னினார்கள். ஆங்கிலத்தின் ‘காட்டன்’ என்னும் சொல்லே அரபியின் ‘குத்ன்’ என்பதிலிருந்து வந்ததுதான். பருத்தி விளையும் நாட்டில் இருந்துகொண்டு, பின்னல் என்றாலே கம்பளி என்று நாம் ஏன் எண்ண வேண்டும்?

நூல் வாங்கச் செல்லும்போது

கடையில் ‘உல்லன்’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக் எனப்படும் செயற்கை இழை. அதில் குற்றமில்லை, விலை மலிவு, துவைக்க எளிது. ஆனால் கம்பளியின் விலையைக் கொடுத்து அக்ரிலிக் வாங்கிவிடாதீர்கள். ஓர் அங்குல நூலை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினால் உண்மை வெளிப்படும். கம்பளி, மயிர் கருகும் நாற்றத்துடன் எரிந்து, தீயை விலக்கியதும் அணைந்து, நொறுங்கும் கரியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக இறுகும்.

நூற்கண்டின் சீட்டில் நிறத்தின் எண்ணோடு லாட் எண் என்று ஒன்று அச்சிட்டிருக்கும். ஒரே தொட்டியில் ஒரே நாளில் சாயம் ஏறிய கண்டுகளுக்கு ஒரே லாட் எண். எண் மாறினால் கடை விளக்கில் தெரியாத நிறபேதம், ஸ்வெட்டரின் முதுகில் பட்டை போட்டதுபோல் பகலில் தெரியும். ஆகவே வேலைக்கு வேண்டிய கண்டுகளை ஒரே முறையில் வாங்குவதே நலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. “நிறம் நன்றாக இருக்கிறது, பிறகு உதவும்” என்று வாங்கி அலமாரியை நிரப்புவது இக்கலையில் ஈடுபட்டவர்களுக்கு உலகெங்கும் உள்ள பலவீனம். என்ன பின்னப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் வாங்கிய நூல் பூச்சி அரித்துப் போவதையே நான் கண்டிருக்கிறேன். இஸ்ராஃப் என்பது விருந்துப் பந்தியில் மட்டும் நிகழ்வதா?

ஊசியின் எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. நம் கடைகளில் கிடைப்பவை பழைய பிரிட்டிஷ் எண் முறையில் அமைந்தவை. எண் கூடக் கூட ஊசி மெலியும். 8ஆம் எண் ஊசியின் கனம் 4 மில்லிமீட்டர், 10ஆம் எண் 3.25, 14ஆம் எண் 2. அமெரிக்க முறையோ நேர் எதிரானது. அங்கே 8ஆம் எண் என்றால் 5 மில்லிமீட்டர். அமெரிக்கப் புத்தகம் ஒன்றைப் பார்த்துப் பின்னும் சகோதரி எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரை நம்புவாராக! பருத்தி நூலுக்குக் கம்பளியின் துவளும் இயல்பு இல்லை. எனவே ஓர் எண் மெலிந்த ஊசியை எடுத்துக்கொள்ளலாம். துவைத்த பின் கொடியில் தொங்கவிடாமல் துண்டின்மேல் பரப்பி உலர்த்த வேண்டும். நீரின் பாரத்தால் ஆடை நீண்டுவிடும்.

மாணவியர் கேட்கும் வினாக்கள்

கையால் பின்னிய காலுறையின்மீது உளூவில் மஸஹ் செய்யலாமா என்று கேட்கிறார்கள். தோலால் ஆன காலுறையின் சட்டம் வேறு. ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபு நூல்களிலும், துணிக் காலுறையாயின் அது தடித்ததாக இருக்க வேண்டும், நீர் ஊடுருவக் கூடாது, அதை மட்டுமே அணிந்து நடக்கத்தக்க உறுதி வேண்டும் என்ற கருத்தில் நிபந்தனைகள் வருகின்றன. நாம் வீட்டில் பின்னும் காலுறையில் கண்ணிக்குக் கண்ணி துளை. எனவே காலைக் கழுவிவிட்டே அணியுங்கள்.

ஆண்களுக்குப் பட்டு நூலில் தொப்பி பின்னலாமா? ஆண்கள் பட்டணிவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். கடைகளில் ‘செயற்கைப் பட்டு’ என விற்பது புழுவின் பட்டு அன்று. அதற்கு இத்தடை பொருந்தாது.

ஒரு சிறுமி கேட்ட வினா என்னைப் புன்னகைக்க வைத்தது. உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப் போடும் பெண்ணைத் திருமறை அந்நஹ்ல் அத்தியாயம் 92ஆம் வசனத்தில் உவமையாகக் காட்டுகிறதே, தவறாகப் பின்னிய வரிசையை நாங்கள் பிரிப்பதும் குற்றமா என்றாள். கண்ணே, அங்கே பேசப்படுவது செய்த சத்தியத்தை முறிப்பது பற்றி. நழுவிய கண்ணியைப் பிடிக்க நான்கு வரிசை பிரிப்பது பற்றி அன்று. அதே அத்தியாயத்தின் 80ஆம் வசனம் கம்பளியையும் மயிரையும் இறைவனின் அருட்கொடைகளுள் எண்ணுவதையும் அவளுக்கு எடுத்துக் காட்டினேன்.

தூனிஸின் சிவப்புத் தொப்பி

1609இல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் ஃபிலிப், அங்கு எஞ்சியிருந்த முஸ்லிம் வழித்தோன்றல்களை நாட்டைவிட்டு வெளியேற்ற ஆணையிட்டார். அவர்களில் பலர் கடல் கடந்து தூனிஸ் நாட்டில் குடியேறினர். அங்கே ஷாஷிய்யா எனும் செந்தொப்பித் தொழில் அவர்கள் கைகளில் செழித்தது. பாட்டனார் காலத்துப் புகைப்படங்களில் நாம் காணும் குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பிக்கு அது நெருங்கிய உறவு.

பார்த்தால் அதைப் பின்னல் என்று எவரும் சொல்லார். ஆனால் அதன் முதற்படி பின்னலே! அரியானா என்னும் ஊரின் பெண்கள் வெள்ளைக் கம்பளியில், தலையளவைவிட மிகப் பெரிதாகத் தம் வீடுகளில் பின்னுவர். பிறகு மஜர்தா ஆற்றங்கரையில் உள்ள பத்தானில் அதை வெந்நீரும் சோப்பும் இட்டுத் துவைப்பர். கம்பளி சுருங்கிக் கண்ணி தெரியாமல் இறுகும். முட்செடியின் காய்ந்த தலையால் வாரி மேல்மயிரைக் கிளப்பி, செஞ்சாயம் தோய்த்து, அச்சில் ஏற்றி, தூனிஸ் நகரின் தொப்பிக் கடைவீதிக்குக் கொண்டுவருவர். மரபாக நடந்துவந்த முறை இது. வீட்டில் இருந்து பின்னிய பெண்ணுக்குத் தொப்பிக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. அதை எவரும் பொழுதுபோக்கு என்று சொல்லவில்லை.

நம் மாணவியின் தாயாருக்கு நான் சொன்ன யோசனை மிக எளியது. ஒரு குறிப்பேடு போடுங்கள். வேலையைத் தொடங்குமுன் நூற்கண்டை நிறுத்து எழுதுங்கள். முடித்தபின் மிச்சத்தை நிறுத்து எழுதுங்கள். நூலின் விலை, லாட் எண், ஊசியின் அளவு, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் குறியுங்கள். அன்பளிப்பாகத் தருவது உங்கள் மனம்போல் ஆகட்டும். அதற்குக் கணக்குக் காட்ட வேண்டா. ஆனால் “எனக்கும் ஒன்று” என்று கேட்டு வருபவரிடம் அந்த ஏட்டைத் திறந்து வையுங்கள். சென்ற மாதம் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, நூலுக்கும் கூலிக்கும் சேர்த்து முன்பணம் கொடுத்துச் சென்றாராம். இரண்டு தொப்பி, வெள்ளைப் பருத்தி நூலில்.