விலங்குக் கொழுப்புகளின் சுங்க வகைப்பாடு

விலங்குக் கொழுப்புகளின் சுங்க வகைப்பாடு என்பது பன்றி, மாடு, ஆடு, கோழி, மீன் முதலியவற்றிலிருந்து பெறப்படும் கொழுப்பும் எண்ணெயும் நாடுவிட்டு நாடு செல்லும்போது அவற்றுக்குக் குறியீட்டு எண் வழங்கும் முறையாகும். தீர்வை எவ்வளவு, இறக்குமதிக்கு அனுமதி உண்டா, தடையா என்பவை பெரும்பாலும் இந்த எண்ணைக் கொண்டே முடிவாகின்றன. எண் மாறினால் சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடக்கூடும்.

இதற்கு அடிப்படை, பிரஸ்ஸல்ஸ் நகரில் உள்ள உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் ஒத்திசைவு முறை. வணிகர்கள் இதைச் சுருக்கமாக எச்.எஸ். குறியீடு என்பர். இது 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதில் முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தையும், நான்கு இலக்கங்கள் தலைப்பையும், ஆறு இலக்கங்கள் உட்தலைப்பையும் குறிக்கும். ஆறு இலக்கம் வரை எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்குமேல் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளும். இந்தியாவில் எட்டு இலக்கம், அமெரிக்காவில் பத்து. கொழுப்புகளுக்கும் எண்ணெய்களுக்கும் உரியது 15ஆம் அத்தியாயம். ஆனால் எல்லாக் கொழுப்பும் அதற்குள் அடங்குவதில்லை. மாணவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான்.

ஒரே கொழுப்பு, பல எண்கள்

பன்றிக் கொழுப்பை எடுத்துக்கொள்வோம். இறைச்சியோடு ஒட்டியிருக்கும் வரை அது இறைச்சியின் பகுதியே. 2ஆம் அத்தியாயத்தில் இறைச்சியாகவே கணக்கிடப்படும். தசை சிறிதும் இல்லாமல் தனியே அறுத்தெடுத்த, உருக்காத கொழுப்பு 0209 என்ற தலைப்புக்குப் போகும். உறைய வைத்தாலும், உப்பிட்டாலும், புகையில் வாட்டினாலும் அதே தலைப்புதான். அதை உருக்கினால், பிழிந்தால் அல்லது கரைப்பான் கொண்டு பிரித்தால் 1501. லார்ட் எனப்படும் பன்றிநெய்க்கு அங்கே 1501.10 என்று தனி உட்தலைப்பு உண்டு. பன்றிநெய்யைக் குளிர்நிலையில் அழுத்திப் பிழிந்தால் கெட்டியான ஸ்டீயரின் ஒருபக்கமும் திரவமான லார்ட் எண்ணெய் மறுபக்கமும் பிரியும். இவை இரண்டும் 1503. ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கினால் 1516. வேறு எண்ணெயோடு கலந்து உண்ணத்தக்க கொழுப்புக் கலவையாக்கினால் 1517. கொழுப்பை நீராற்பகுத்துக் கொழுப்பு அமிலமாக மாற்றிவிட்டால் 15ஆம் அத்தியாயத்தையே விட்டு வெளியேறி, வேதிப்பொருள்களுக்கான பிரிவில் 3823க்குச் சென்றுவிடும். கொழுப்பை உருக்கியபின் சட்டியில் தங்கும் சக்கைக்குக்கூட 2301 என்று இடம் இருக்கிறது.

ஆகவே சுங்க அதிகாரி கேட்கும் கேள்விகள் மூன்று: எந்த விலங்கு, எப்படிப் பிரிக்கப்பட்டது, அதன்பின் என்ன செய்யப்பட்டது. பெட்டியின் மேல் ஒட்டிய பெயர் இவற்றுக்கு விடை ஆகாது.

மாடு, செம்மறியாடு, வெள்ளாடு ஆகியவற்றின் கொழுப்புக்குரிய தலைப்பு 1502. இங்கே ஒரு முரண் உண்டு. பன்றி, கோழி ஆகியவற்றின் உருக்காத கொழுப்பு 2ஆம் அத்தியாயத்தில் இருக்க, மாட்டின் உருக்காத கொழுப்பு உருக்கிய கொழுப்போடு சேர்ந்து 1502இலேயே இருக்கிறது. தர்க்கம் தேடிப் பயனில்லை. தலைப்பின் சொற்கள் அப்படி எழுதப்பட்டுள்ளன, அவ்வளவே. முறையின் முதல் பொது விதியும் தலைப்பின் சொற்களையும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளையும்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. மாட்டின் கால்களைக் காய்ச்சி எடுத்து, தோலைப் பதப்படுத்தப் பயன்படுத்தும் எண்ணெய் 1502இல் சேராமல், ஏனைய விலங்குக் கொழுப்புகளுக்கான 1506இல் சேர்வதும் இத்தகையதே. மீன் எண்ணெய்க்கு 1504, ஆட்டுக் கம்பளியில் படிந்திருக்கும் கொழுப்புக்கும் லானோலினுக்கும் 1505.

நெய் எங்கே? வேதியியல்படி அதுவும் விலங்குக் கொழுப்புதான். ஆனால் வெண்ணெயும் நெய்யும் பாலில் இருந்து வருவதால் 4ஆம் அத்தியாயத்தில், 0405 என்ற தலைப்பில் வைக்கப்பட்டுள்ளன.

உணவுக்கா, தொழிற்சாலைக்கா

சோப்பு செய்யவே வாங்குகிறோம், ஆகவே எண் வேறு என்று வாதிடுவோர் உண்டு. ஆறு இலக்க அளவில் அந்த வாதம் பெரும்பாலும் எடுபடாது. உருக்கிய மாட்டுக் கொழுப்பு சமையலுக்குப் போனாலும் சோப்புக்குப் போனாலும் 1502.10தான். உண்ண முடியாதபடி சாயமோ வேறு பொருளோ சேர்த்துக் கெடுத்திருந்தாலும் அது மூலக்கொழுப்பின் தலைப்பிலேயே நிற்கும் என்று அத்தியாயக் குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. கலவைகளில் மட்டும் உண்ணத்தக்கது 1517, உண்ணத்தகாதது 1518 எனப் பிரிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் தன் எட்டு இலக்க அட்டவணையில் பன்றிநெய்யை உணவு அல்லாத தொழிற்பயனுக்கு, மற்றவை என்று இரண்டாக்கியுள்ளது. அது ஒன்றியத்தின் சொந்த ஏற்பாடு.

ஆய்வகத்தில்

உருக்கிச் சுத்திகரித்த கொழுப்பைக் கண்ணால் பார்த்து எந்த விலங்கு என்று சொல்ல இயலாது. அதனால் மாதிரி ஆய்வகத்துக்குச் செல்கிறது. விலங்குக் கொழுப்பில் கொலஸ்ட்ரால் மிகுந்தும், தாவர எண்ணெயில் தாவர ஸ்டீரால்கள் மிகுந்தும் இருப்பதால் முதற்பிரிவு எளிது. பன்றியா மாடா என்பதுதான் கடினம். இரண்டிலும் ஏறக்குறைய அதே கொழுப்பு அமிலங்களே உள்ளன. வேறுபாடு அமைப்பில் இருக்கிறது: பன்றிக் கொழுப்பில் பால்மிடிக் அமிலம் கிளிசராலின் நடு இடத்தில் பெரிதும் அமர்ந்திருக்கும், மாட்டுக் கொழுப்பில் அவ்வாறில்லை. பன்றிநெய்யில் மாட்டுக் கொழுப்பு கலந்திருப்பதைக் கண்டறியும் போமர் சோதனைக்கும் இந்த அமைப்பு வேறுபாடே அடிப்படை. மரபணுச் சோதனையும் உண்டு. ஆனால் நன்கு சுத்திகரித்த கொழுப்பில் டி.என்.ஏ. மிகக் குறைவாகவே எஞ்சும்.

இந்தியாவில்

இந்தியாவில் இது வெறும் தீர்வைக் கணக்கு அல்ல. வனஸ்பதியில் இறக்குமதி மாட்டுக் கொழுப்பு கலக்கப்படுவதாக 1983இல் நாடெங்கும் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. மத நம்பிக்கையும் உணவுக் கலப்படமும் ஒன்றாகச் சேர்ந்த விவகாரம் அது. மாட்டுக் கொழுப்பு இறக்குமதிக்கு அரசு அப்போது தடை விதித்தது. 1501, 1502 ஆகிய தலைப்புகளில் வரும் கொழுப்புகள் பின்னரும் இறக்குமதித் தடைப் பட்டியலில் இடம்பெற்றன. எனவே ஒரு பீப்பாய்க் கொழுப்பு 1502ஆ அல்லது தாவர எண்ணெயா என்ற கேள்விக்கு இங்கே பொருள் உள்ளே வரலாமா கூடாதா என்பதே விடை. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 111ஆம் பிரிவின்படி, அறிவித்த விவரத்தோடு ஒத்துப்போகாத சரக்கைப் பறிமுதல் செய்யலாம். அபராதம் அதற்கு மேல்.

ஐயம் உள்ள இறக்குமதியாளர், சரக்கு வருவதற்கு முன்பே சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் விண்ணப்பித்து எண்ணை உறுதிசெய்துகொள்ளலாம். விண்ணப்பத்தில் விலங்கின் இனம், கொழுப்பைப் பிரித்த முறை, பின்னர் செய்த ஒவ்வொரு பதப்படுத்தல், ஆய்வக அறிக்கை ஆகியவற்றைத் தருவது நல்லது. வணிகப் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் அதை வைத்து எந்தத் தலைப்பையும் தீர்மானிக்க முடியாது.