இணையப் பக்கத்துக்கு ஓர் ஏவலாள்

பழைய மாணவர் சங்கமாயினும், ஊர் வாசிகசாலையாயினும், சந்தியிலுள்ள சிறு கடையாயினும், இன்று தனக்கென ஓர் இணையத்தளம் அமைத்துக்கொள்வது அரிதன்று. அமைத்தபின், அது அச்சிட்ட துண்டுப்பிரசுரம்போல அசையாது கிடப்பதைக் கண்டு, அதற்குச் சிறிது உயிரூட்ட வேண்டுமென்ற அவா எழுதலும் இயல்பே. அவ்வுயிரை ஊட்டுவது ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி. நெட்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பார் 1995ஆம் ஆண்டு மே மாதத்திற் பத்தே நாள்களில் இதன் முதல் வடிவத்தை ஆக்கினார். முதலில் மொக்கா என்றும், பின்னர் லைவ்ஸ்கிரிப்ட் என்றும் வழங்கிய அம்மொழி அவ்வாண்டு டிசெம்பரில் இன்றைய பெயரைப் பெற்றது. ஜாவா என்பது வேறு மொழி. பெயரொற்றுமை கண்டு மாணாக்கர் மயங்குதல் வேண்டா.

இதனைக் கையாளப் புகுவார் முதலில் மனத்திற் பதிக்கவேண்டியது ஒன்றுண்டு. பக்கத்தோடு இணைத்து அனுப்பும் நிரல் உங்கள் வீட்டில் வேலை செய்வதன்று. தளம் தங்கியிருக்கும் வழங்கி அதனைப் பக்கத்துடன் சேர்த்து அனுப்பிவிடுகின்றது. பார்க்க வந்தவருடைய கணினியில், அவருடைய உலாவிக்குள்ளேயே அது ஓடுகின்றது. அயலூர்க் கலியாண வீட்டுக்கு நாம் அனுப்பிய ஏவலாள் அங்கே நின்று பரிமாறுவது போன்றது இது. அவ்வீட்டு மணிக்கூட்டைப் பார்த்தே அவன் நேரஞ் சொல்வான். அவ்வீட்டார் அவன் மடியைச் சோதித்தால் எதனையும் மறைக்கவும் மாட்டான்.

மணிக்கூட்டிலிருந்தே தொடங்குவோம். பக்கத்தின் அடியிற் பதிப்புரிமை ஆண்டைக் கையால் எழுதிவைப்போர், தை பிறந்தும் அதனை மாற்ற மறந்துவிடுவர். கணினியின் நாட்காட்டியிலிருந்து ஆண்டைப் பெற்று எழுதுமாறு ஓரடி நிரல் எழுதினால் இக்கவலை தீரும். அதற்குரிய கட்டளை 'கெட்ஃபுல்இயர்' என்பது. இடையிலுள்ள 'ஃபுல்' என்பதை விட்டு 'கெட்இயர்' என்று எழுதினாலோ வந்தது வினை! அப்பழைய கட்டளை 1900ஐக் கழித்து எஞ்சியதையே தரும். 1999இல் அது 99 என்றது. அதன் முன்னே 19 என ஒட்டிவைத்துப் பலர் காலங்கழித்தனர். 2000 ஜனவரி முதலாந் திகதி அது 100 என்று சொல்லவே, பல தளங்களில் '19100' என்னும் ஆண்டு உதயமாயிற்று. நேரக் கணிப்பிற் பெயர்பெற்ற அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் தளத்திலும் அன்று அவ்வாண்டே காணப்பட்டதென்றால் வேறென்ன சொல்வது!

இன்னொரு விசித்திரமும் உண்டு. திகதியை எண்களாகக் கொடுக்கும்போது, இம்மொழி மாதத்தை 0 இலிருந்து எண்ணும். நாளை மட்டும் நம்மைப் போலவே 1 இலிருந்து எண்ணும். ஜனவரி 0, டிசெம்பர் 11. திருவிழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காட்ட விரும்பும் அன்பர் ஆகஸ்டுக்கு 8 என இட்டாராயின், கொடியேற்றம் செப்ரெம்பருக்குப் போய்விடும்.

'கடை இப்பொழுது திறந்திருக்கின்றது' என அறிவிக்கும் நிரலை விரும்பாத வணிகர் இல்லை. ஆயின், யாழ்ப்பாணத்தில் இரவு 10 மணிக்குக் கதவு பூட்டிக்கிடக்கும்போது, கோடைகால ரொறன்ரோவில் நண்பகல் 12.30. அங்கிருந்து அம்மாவுக்குச் சாமான் அனுப்ப எண்ணிப் பக்கத்தைத் திறக்கும் மகனிடம், அவன் வீட்டு மணிக்கூட்டைப் பார்த்து, கடை திறந்திருக்கின்றதென நிரல் பொய் சொல்லும். உலகப் பொதுநேரத்துடன் ஐந்தரை மணியைக் கூட்டிவிடலாமே என்பர் சிலர். இன்றைக்கு அது சரியே. ஆயினும் இலங்கையின் மணிக்கூடு 1996 மே மாதத்தில் ஆறரை மணிக்கும், அவ்வாண்டு ஒக்ரோபரில் ஆறு மணிக்கும் மாறி, 2006 ஏப்ரலிலேதான் ஐந்தரைக்குத் திரும்பியது என்பதை மூத்தோர் மறந்திரார். 'ஆசியா, கொழும்பு' என்னும் காலவலயப் பெயரை நிரலிற் குறித்துவிட்டால், இவ்வரலாறெல்லாம் உலாவிக்கே தெரியும். கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும்.

தமிழருக்குப் பெரிதும் பயன்படும் நுட்பம், என் கருத்தில், பெயர்களை அகரவரிசைப்படுத்துவதே. சங்க உறுப்பினர் பட்டியலை வரிசைப்படுத்துமாறு வெறுமனே ஏவினால், நிரல் தமிழ் நெடுங்கணக்கைப் பாராது. எழுத்துகளுக்கு யுனிகோட் முறையில் இட்ட இலக்கங்களையே பார்க்கும். அவ்வட்டவணையில் றன்னகரம் தந்நகரத்தை அடுத்து, மகரத்துக்கு முன்பாகவே அமர்ந்துள்ளது. வகரமோ ழகரத்துக்குப் பின்னே தள்ளப்பட்டுள்ளது. இதன் பயனாக, கமலாவுக்கு முன் கனகா வருவாள். அகராதியிற் பவளத்துக்கு முன் பழம் வரும். பாலபாடம் படித்த குழந்தையும் நகைக்கும் வரிசை இது. இதற்கு மருந்து மிகச் சிறிது: ஒப்பிடுங் கட்டளையாகிய 'லோக்கேல்கொம்பெயர்' என்பதைக் கையாண்டு, தமிழைக் குறிக்கும் ஈரெழுத்துக் குறியை அதனுடன் கொடுத்தல் வேண்டும். உடனே கமலா முன்னே வந்துவிடுவாள்.

படிவங்களுக்கு வருவோம். 'அனுப்புக' என்னும் பொத்தானைப் பொறுமையிழந்து இருமுறை அழுத்துவோர் எங்குமுளர். முதல் அழுத்தத்தோடு அப்பொத்தானைச் செயலிழக்கச் செய்தால் ஒரே விண்ணப்பம் இருமுறை வாராது. நிரப்பப்பட்டதைச் சோதித்தலும் நிரலுக்கு ஏற்ற வேலையே. தேசிய அடையாள அட்டை இலக்கம் பழைய அட்டைகளில் ஒன்பது இலக்கங்களும் ஈற்றில் வீ அல்லது எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்துமாக இருந்தது. 2016 முதல் பன்னிரண்டு இலக்கங்களாயிற்று. பழையதை மட்டும் ஏற்கும் நிரல் பிள்ளைகளைத் திருப்பியனுப்பும். புதியதை மட்டும் ஏற்பது பெற்றோரைத் திருப்பியனுப்பும். இரண்டையும் ஏற்றல் வேண்டும். பெரிய எழுத்துக்குப் பதிலாகச் சிறிய எழுத்தை இட்டாலும் முகஞ்சுளித்தல் ஆகாது. எனினும் இச்சோதனை வந்தவருக்குச் செய்யும் உபசாரமேயன்றி உங்களுக்குக் காவலன்று. நிரலை நிறுத்திவைக்க எந்த உலாவியிலும் வழியுண்டு. ஆதலின், அதே சோதனையை வழங்கியிலும் செய்தேயாக வேண்டும்.

புதிதாகப் பயில்வோர் வழுக்கி விழுமிடமும் இதுவே. இரகசியச் சொல்லை நிரலுக்குள் எழுதிவைத்து, 'சரியான சொல்லைத் தருபவருக்கே பக்கம் திறக்கும்' என்று பெருமிதங்கொள்வர் சிலர். திறப்பைக் கதவிலேயே தொங்கவிட்டுப் பூட்டுவது அது. சுட்டியின் வலப்பொத்தானைத் தடுத்துப் படங்களைக் காப்பதாக எண்ணுவதும் அத்தகையதே. படம் முன்னரே பார்வையாளரின் கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 2021 ஒக்ரோபரில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அம்மாநிலக் கல்வித் திணைக்களத்தின் தளத்தில், கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் இல்லாவிடினும், அப்பக்கத்தின் மூலநிரலில் ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு இலக்கங்கள் கிடந்ததைச் சென் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாச் பத்திரிகையின் நிருபர் ஒருவர் கண்டார். பத்திரிகை திணைக்களத்துக்கு அறிவித்து, குறை நீக்கப்படும்வரை செய்தியை வெளியிடாது பொறுத்திருந்தது. ஆளுநர் மைக் பார்சனோ இதனைக் கணினித் திருட்டென்று கூறி, வழக்குத் தொடரப்படுமென எச்சரித்தார். வந்தவர் வீட்டுக்கே அனுப்பிய கடிதத்தை அவர் பிரித்துப் படித்தாரென்று குற்றஞ்சாட்டியது போலாயிற்று. 2022 பெப்ரவரியில், வழக்கில்லை என வழக்குத்தொடுநர் அறிவித்தார்.

மூலநிரலைக் காண வித்தை எதுவும் வேண்டியதில்லை. கணினியில் உலாவியைத் திறந்து, உங்கள் தளத்துக்குப் போய், விசைப்பலகையின் மேல்வரிசையிலுள்ள எஃப்12 என்னும் விசையை அழுத்துங்கள். பெரும்பாலான உலாவிகளில் ஒரு பலகம் விரியும். பக்கத்தின் மூலமும், அதனோடு வந்த நிரல்களும் அங்கே இருக்கும். அப்பலகத்திலேயே ஒரு கட்டளையை எழுதி உடனுக்குடன் ஓட்டிப் பார்க்கவும் இடமுண்டு. மாணாக்கர் கமலாவையும் கனகாவையும் வரிசைப்படுத்திப் பார்க்க அவ்விடமே போதும். தளமுடையோர் அங்கே தேடவேண்டியது வேறு: நம் வீட்டில் இருக்கவேண்டியது ஏதேனும் ஏவலாளின் மடியிற் போயிருக்கின்றதா என்பது.