எர்த்து இருக்கா?

தொண்ணூறுகளின் கடைசியில் திருவட்டாற்றில் ஒரு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வருகிறதென்றால் அதற்கு முன்பே வயர்மேன் வந்துவிடுவார். மெயின் போர்டிலிருந்து தனி லைன், மூன்று துளைப் பிளக் பாயிண்ட், முற்றத்தில் கரியும் உப்பும் மாறிமாறி இட்டு நிரப்பிய எர்த்துக் குழி. விற்க வந்தவரும் முதலில் "எர்த்து இருக்கா?" என்றுதான் கேட்பார். பதிலை நம்பி விட்டுவிடவும் மாட்டார். ஹோல்டரில் 60 வாட் குண்டு பல்பை மாட்டி, ஒரு வயரைப் பேஸிலும் மற்றதை எர்த்துத் துளையிலும் வைத்துப் பார்ப்பார். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால்தான் பெட்டியைப் பிரிப்பார்.

அன்று பயமெல்லாம் வோல்டேஜைப் பற்றியது. மேலே கோதையாற்றில் 60, 40 மெகாவாட் திறனுள்ள இரண்டு நீர்மின் நிலையங்கள் எழுபதுகளின் தொடக்கத்திலிருந்தே இயங்கிவந்தன. ஆனாலும் அந்த ஆறு வளைந்தோடும் ஊரில் மாலையானால் விளக்கு மங்கும். மின்சாரம் ஆற்றோடு இறங்கி வருவதில்லை. கம்பியின் நீளமும் டிரான்ஸ்பார்மரின் சுமையும் சேர்ந்து, 230 வோல்ட்டில் வீட்டுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை முடிவு செய்தன. ஆகவே ஸ்டெபிலைசர்; அதற்கடுத்து 600 வி.ஏ. யூபிஎஸ். அதற்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்று. கரண்டு போனால் பத்து நிமிடம் தாங்கும். எழுதியதைச் சேமித்து அணைக்க அது போதும். கம்ப்யூட்டரின் பின்புறம் 115, 230 என்று எழுதிய சின்னச் சிவப்பு விசை ஒன்றும் இருந்தது. விளையாட்டாய் யாராவது 115-க்குத் தள்ளிவிட்டால் எஸ்.எம்.பி.எஸ். 'டப்' என்று வெடிக்கும்.

இன்று அந்த விசை இல்லை, ஸ்டெபிலைசரும் இல்லை. லேப்டாப் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறது. 2011-இல் அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, யூபிஎஸ்ஸையும் அதன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக் கொடுத்ததுபோல ஆயிற்று. மறு ஆண்டின் நீண்ட மின்வெட்டில் அதன் அருமை தெரிந்தது. அன்றைய குண்டு மானிட்டரும் பெட்டியும் சேர்ந்து இருநூறு வாட்டை நெருங்கும். இன்றைய அடாப்டர் 45 அல்லது 65 வாட்டோடு நின்றுவிடுகிறது.

இடிமின்னலுக்கும் ஒரு வழி குறைந்திருக்கிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் பக்கம் இது. வானம் உறுமினாலே "பிளக்கைப் பிடுங்கு மக்களே" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். பிளக்கைப் பிடுங்கியும் மோடம் கருகிய வீடுகள் உண்டு. மின்னல் டெலிபோன் செம்புக் கம்பி வழியே வந்திருக்கும். இப்போது இணையம் கண்ணாடி இழையில் வருகிறது. ஒளி மட்டுமே போகும் அந்த இழையில் மின்சாரம் ஏறாது. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் சுவரில்தான் இருக்கிறது. அதைப் பிடுங்கினால் வைஃபை போய்விடுமே என்று இன்று யாரும் பிடுங்குவதில்லை.

ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு பாயிண்ட் என்றிருந்த இடத்தில் இன்று ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் லேப்டாப், மானிட்டர், ரவுட்டர், பிரிண்டர், இரண்டு செல்போன் சார்ஜர். இவ்வளவையும் கூட்டினாலும் சுமை பெரிதல்ல. 6 ஆம்பியர் பாயிண்ட் 1,380 வாட் வரை தாங்கும். அதே பெட்டியில் 1,000 வாட் இஸ்திரிப்பெட்டியும் வந்து சேர்ந்தால் கணக்கு எல்லையைத் தொடும். லேசர் பிரிண்டர் சூடேறும் நேரமும் ஒத்துவந்தால் தாண்டிவிடும். அதைவிட மோசமானது தளர்ந்த துளை. பிளக் ஆடும் இடத்தில் குறைந்த மின்னோட்டத்திலேயே சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பாகி உருகும். என்னைக் கேட்டால், இன்றைய ஆபத்து வாட்டில் குறைவு, இணைப்பில் அதிகம்.

எர்த்தைப் பற்றிக் கேட்பதும் நின்றுபோயிற்று. மூன்று பின் பிளக்கில் மேலுள்ள பின்னை நீளமாகச் செய்ததற்குக் காரணம், அது முதலில் தொட்டுக் கடைசியில் விலகவேண்டும் என்பதுதான். இன்று அதை இரண்டு பின் கன்வெர்ட்டருக்குள் சொருகி வேலையை முடித்துவிடுகிறோம். சார்ஜில் இருக்கும் உலோக லேப்டாப்பை வெறுங்காலோடு தொடும்போது விரலில் ஒரு சுருசுருப்பு தெரியும். அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது. எர்த்து இருந்தால் மண்ணுக்குப் போயிருக்கும். ஆளைக் கொல்லாது. ஆனால் அடாப்டர் போலியாக இருந்து, உள்ளே 230 வோல்ட்டுப் பக்கத்தையும் கையில் வரும் பக்கத்தையும் பிரிக்கும் காப்பு சரியில்லாமல் போனால் கதை வேறு. 2012-இன் கட்டாயப் பதிவு ஆணைக்குப் பிறகு முறையான அடாப்டரில் 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்கும். சந்தையில் வாங்கும்போது அதைத் திருப்பிப் பார்ப்பவர் குறைவு.

பீஸ் கட்டையில் செம்பு இழை சுற்றிய காலம் போய் எம்.சி.பி. வந்ததும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வந்ததும் பெரிய லாபம். பீஸ் வயரைக் காத்தது. ஆர்.சி.சி.பி. ஆளைக் காக்கிறது. ஆனால் பழைய வீடுகளில் ஆனி, ஆடி மழைக்கு அது அடிக்கடி விழுகிறதென்று, அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கனெக்‌ஷன் கொடுக்கச் சொல்பவர்கள் உண்டு. ஈரச் சுவருக்குள் வயர் கசிவதால்தான் அது விழுகிறது. மாற்றவேண்டியது அந்த வயரை.