வலது கிளிக் பட்டியலில் தமிழில் ஒரு வரி: எப்படிச் சேர்ப்பது, எதைத் தொடக்கூடாது?

ஈப்போ – பேராக்கில் முன்பு ரப்பர் தோட்டங்களாக இருந்த பல இடங்களில் லயன் வீடுகள் இன்று இல்லை. ஆலயமும் அதன் நிர்வாகமும் மட்டும் தோட்டத்துப் பெயரோடு தொடர்கின்றன. நிர்வாகச் செயலாளர் பெரும்பாலும் பகலில் வேறு வேலைக்குப் போகிறவர். கூட்டக் குறிப்பு, வரவு செலவு, நன்கொடைப் பட்டியல் எல்லாவற்றையும் இரவில் வீட்டுக் கணினியில்தான் தட்டச்சு செய்கிறார். பிள்ளைகளின் பள்ளி வேலையும் அதே கணினியில்தான் நடக்கிறது.

சங்கமாகப் பதிவு பெற்ற ஆலயங்களும் இயக்கங்களும், 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பியாக வேண்டும். அந்த வேளையில்தான் கணக்குக் கோப்பு எந்தக் கோப்புறைக்குள் கிடக்கிறது என்ற தேடல் தொடங்குகிறது. இதற்கு விண்டோஸ் கணினியிலேயே ஒரு சிறு வழி இருக்கிறது. சுட்டியின் வலது பொத்தானை அழுத்தினால் தோன்றும் பட்டியலில் "ஆலயக் கணக்கைத் திற" என்று நாமே ஒரு வரியைச் சேர்க்கலாம். எந்தக் கோப்புறைக்குள் இருந்தாலும் அந்த வரியை அழுத்தினால் கணக்குக் கோப்புறை திறந்துவிடும்.

பணம் செலவில்லை, தனி மென்பொருளும் தேவையில்லை. ஆனால், கை வைக்கும் இடம் கணினியின் மிக முக்கியமான இடம். அதனால் முதலில் அந்த இடத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

கணினியின் பதிவேடு

விண்டோஸ் தன் அமைப்புகள் அனைத்தையும் "ரெஜிஸ்ட்ரி" என்ற பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறது. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் சிறிய அளவில் தொடங்கிய இது, விண்டோஸ் 95 முதல் முழு அமைப்புக்குமான பதிவேடாகிவிட்டது. எந்தக் கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும், வலது கிளிக் செய்தால் என்னென்ன வரிகள் தோன்ற வேண்டும் என்பதெல்லாம் இதில்தான் உள்ளன.

இதில் இரண்டு பெரிய கிளைகளை அறிந்தால் போதும். "எச்கீ லோக்கல் மெஷின்" என்பது கணினி முழுவதற்கும் பொதுவானது. அங்கே செய்யும் மாற்றம் வீட்டில் உள்ள எல்லாருடைய கணக்கையும் பாதிக்கும். "எச்கீ கரண்ட் யூசர்" என்பது இப்போது உள்ளே நுழைந்திருப்பவருக்கு மட்டும் உரியது. அப்பாவின் கணக்கில் சேர்த்த வரி மகளின் கணக்கில் தோன்றாது. வலது கிளிக் வரிகளை விண்டோஸ் இந்த இரண்டு கிளைகளிலிருந்தும் சேர்த்துத்தான் காட்டுகிறது. எனவே நமக்கு வேண்டிய வரியைச் சொந்தக் கிளையில் எழுதினாலே போதும். பொதுக் கிளையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். பட்டையை மெல்லச் சீவினால் பால் வரும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் பட்டால், அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. பதிவேட்டிலும் எவ்வளவு தூரம் இறங்குகிறோம் என்பதே முக்கியம்.

செய்முறை

திரையில் தோன்றும் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றின் உச்சரிப்பே இங்கே தரப்படுகிறது.

1. விண்டோஸ் பொத்தானையும் "ஆர்" எழுத்தையும் சேர்த்து அழுத்தவும். தோன்றும் கட்டத்தில் "ரெஜெடிட்" என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து திறக்கவும்.

2. இடப்பக்கத்தில் எச்கீ கரண்ட் யூசர், அதனுள் சாஃப்ட்வேர், அதனுள் கிளாசஸ் என்று செல்லவும். கிளாசஸ் மீது வலது கிளிக் செய்து "எக்ஸ்போர்ட்" வழியாக ஒரு நகல் எடுத்து வைக்கவும்.

3. கிளாசஸுக்குள் டைரக்டரி, அதனுள் பேக்கிரவுண்ட், அதனுள் ஷெல் என்ற உட்கிளைகள் வேண்டும். இல்லாதவற்றை "நியூ", பிறகு "கீ" என்று தேர்ந்தெடுத்து உருவாக்கிக்கொள்ளலாம்.

4. ஷெல்லுக்குள் "ஆலயம்" என்று ஆங்கில எழுத்தில் ஒரு புது கீ உருவாக்கவும். வலப்பக்கம் உள்ள "டிஃபால்ட்" என்பதை இருமுறை அழுத்தி, "ஆலயக் கணக்கைத் திற" என்று தமிழில் எழுதவும்.

5. அந்த ஆலயம் கீயினுள் "கமாண்ட்" என்று இன்னொரு கீ உருவாக்கவும். அதன் டிஃபால்ட்டில் எக்ஸ்புளோரர் டாட் இஎக்ஸ்இ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, கணக்குக் கோப்புறையின் முகவரியை இரட்டை மேற்கோள் குறிக்குள் இடவும்.

முகவரியைக் கையால் தட்டச்சு செய்யத் தேவையில்லை. ஷிஃப்ட் பொத்தானை அழுத்தியபடி அந்தக் கோப்புறை மீது வலது கிளிக் செய்து "காப்பி அஸ் பாத்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், மேற்கோள் குறியோடு முகவரி நகலாகிவிடும். அதை அப்படியே ஒட்டலாம். கோப்புறைப் பெயரில் இடைவெளி இருக்கும்போது மேற்கோள் குறி விடுபட்டால் விண்டோஸ் பெயரைத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும்.

கணினியை நிறுத்தித் திறக்க வேண்டியதில்லை. ஏதாவது ஒரு கோப்புறையின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து பார்க்கலாம். விண்டோஸ் 11இல் பட்டியல் சுருக்கப்பட்டுள்ளதால், இத்தகைய வரிகள் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" என்பதற்குள் இருக்கும். ஷிஃப்ட் பொத்தானோடு வலது கிளிக் செய்தால் முழுப் பட்டியலும் நேரே வரும்.

தமிழ் எப்படித் தோன்றுகிறது?

யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளில் இயங்கின. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் கணினியில் தமிழ் எழுத வழி செய்தது. விண்டோஸ் 2000 முதல் யூனிகோடு தமிழ் விண்டோஸிலேயே இடம்பெற்றது. பதிவேடும் யூனிகோடை ஏற்பதால், பட்டியலிலும் தமிழ் தமிழாகவே தெரிகிறது. பழைய குறியீட்டில் எழுதிய வரியை ஒட்டினால் மட்டும் புரியாத எழுத்துகளே வரும்.

வரி வேண்டாம் என்றால்

இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். முன்பு எடுத்த நகலை மீண்டும் உள்ளிட்டால் புது வரி போய்விடாது. நகல், அழிந்ததைத் திரும்ப எழுதுமே தவிர, பிறகு சேர்த்ததை நீக்காது. நாம் உருவாக்கிய ஆலயம் என்ற கீயை மட்டும் தேர்ந்தெடுத்து அழிக்க வேண்டும். ஒரு படி மேலே உள்ள ஷெல்லை அழித்தால், மற்ற மென்பொருள்கள் அங்கே வைத்த வரிகளும் சேர்ந்து போகும். ரெஜெடிட்டில் செய்ததைத் திரும்பப் பெறும் வசதி கிடையாது.

புலனத்தில் வரும் கோப்புகள்

இதே வேலையை ஒரே நொடியில் செய்யும் "ரெக்" வகைக் கோப்புகளும் உண்டு. இருமுறை அழுத்தி, வரும் கேள்விக்குச் சம்மதம் சொன்னால் அதில் உள்ளவை பதிவேட்டில் ஏறிவிடும். யாரோ தயாரித்த இத்தகைய கோப்பு புலனக் குழுவில் வந்தால் அப்படி அழுத்துவது ஆபத்து. கணினி திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மென்பொருள் தானாக ஓடும்படி செய்வதற்கும் இதே வகைக் கோப்பு போதும்.

தவிர்க்க முடியாவிட்டால் முதலில் அதன் மீது வலது கிளிக் செய்து "எடிட்" வழியாகத் திறந்து படிக்கவும். சதுர அடைப்புக்குறி தொடங்கிய உடனே கழித்தல் குறி இருந்தால், அந்த வரி ஒரு கிளையையே அழிக்கும் என்று பொருள். எச்கீ லோக்கல் மெஷின் என்று தொடங்கினால், அது கணினி முழுவதையும் தொடுகிறது. "ரன்" என்று முடியும் கிளை இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. புரியாத கோப்பை அழித்துவிடுவதே நல்லது.

ஒரே ஒரு கோப்புறையை எப்போதாவது திறப்பவருக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. திரையில் ஒரு குறுக்குவழி வைத்தாலே போதும். தினமும் பல கோப்புறைகளுக்கு இடையே வேலை செய்பவருக்கே இந்த வரி பயன்படும். அவரும் தொடங்குமுன் கணக்கு, உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்பு ஆகியவற்றை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வைக்க வேண்டும். விண்டோஸை மறுபடியும் போட்டுக்கொள்ளலாம். பத்து ஆண்டு ஆலயக் கணக்கை மறுபடியும் எழுத முடியாது.